அல்லிக்கு அரை டிக்கெட்

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். சங்கரகோமதியின் டப்பாவில் தயிர்சாதம் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. மூடி வைத்துவிட்டாள். திரையில் பச்சைப் பசேலென்று இறங்கிப் போகிற வரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு. காலையில் வந்ததிலிருந்து அந்தச் சிவப்பைப் பார்ப்பதும், பார்க்காதது மாதிரி வேறு பக்கத்தைத் திறப்பதும், சுற்றிச் சுற்றி மறுபடி அங்கேயே வந்து நிற்பதுமாக இருக்கிறாள். துரைப்பாக்கத்தில் இந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அவள் பார்க்கிற உத்தியோகம் இதுதான், பஸ் டிக்கெட் எடுக்கிற செயலி ஒன்றுக்குச் சோதனைகள் எழுதுவது, எழுதியவை உடைந்தால் சரி செய்வது. தினமும் ஊர் அடங்கிய பிறகு அந்தச் சோதனைகள் தாமாகவே ஓடும். இல்லாத ஆட்கள் இல்லாத பணத்தைக் கட்டி டிக்கெட் எடுப்பார்கள், ரத்து செய்வார்கள், பணம் திரும்பி வந்ததா என்று பார்ப்பார்கள். காலையில் எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் ஒன்று செயலி கெட்டுப்போயிருக்கிறது, இல்லையா, செயலி மாறிவிட்டது, சோதனை இன்னும் மாறவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான். பேர் எழுதுகிற பெட்டியை யாரோ இடம் மாற்றியிருப்பான், பொத்தானுக்கு வேறு வார்த்தை போட்டிருப்பான், கோமதி அதற்கெல்லாம் பதறுகிறவள் இல்லை, காபி வருவதற்குள் முடித்துவிடுவாள். இன்றைக்குக் காபி வந்து, ஆறி, ஆடை கட்டி, கழுவவும் எடுத்துப் போயாயிற்று. சிவப்பு வரி சொல்வது இவ்வளவுதான். பயணி அல்லி. எதிர்பார்த்தது, கட்டணம் இல்லை, இருக்கை இல்லை. கிடைத்தது, அரை டிக்கெட், இருக்கை ஒன்று. நேற்று வரைக்கும் அம்மா மடியில் உட்கார்ந்து இலவசமாகப் போய்வந்துகொண்டிருந்த குழந்தைக்கு இன்றோடு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஐந்து முடிந்தால் அரை டிக்கெட்டும் தனி சீட்டும் என்பது விதி. செயலியில் ஒரு கோளாறும் இல்லை, தேதி நகர்ந்திருக்கிறது, அவ்வளவே.

சிவப்பு வரிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி காத்துக்கொண்டிருக்கிறது. ஆபீஸில் புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்கள், உடைந்த சோதனையைத் தானே பரிசோதித்துத் தானே மருந்தும் எழுதித் தருகிற கருவி, ரொம்பச் சமர்த்து. 'பிறந்த தேதி நேரடியாக எழுதப்பட்டுள்ளது. அதற்குப் பதிலாக இன்றைய தேதியில் மூன்று வருடத்தைக் கழித்துக்கொள்ளலாம். பெயரைக் குழந்தை 1 என்று பொதுவாக வைக்கலாம். ஏற்கவா?' கழித்துக்கொள்ளலாமாம். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. இதையேதான் கோமதி வருடா வருடம் புதிதாகச் சேருகிறவர்களை வரிசையாக உட்கார வைத்துச் சொல்லித் தருகிறாள். சோதனைக்குள்ளே தேதியை எழுதி வைக்காதீங்க, தேதிங்கறது பால் மாதிரி, வெச்சிருந்தா திரிஞ்சிடும். எத்தனை பேர் எழுதியதைக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவளுடையதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பழசு, தினமும் பச்சை, பச்சையாக இருப்பதை யார் திறந்து பார்க்கிறார்கள். காலையில் ஜெரால்ட் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான். இந்தக் குழுவுக்கு அவன்தான் தலைவன், வந்து இரண்டு வருடம் ஆகிறது, நல்ல மனுஷன், யார் மனதையும் புண்படுத்தத் தெரியாது. "ஒண்ணே ஒண்ணுதானே கோமதி? டேட்டா பிரச்சினைன்னு டூலே சொல்லுது, அக்செப்ட் குடுத்துட வேண்டியதுதானே?" என்றான். "பாக்கறேன் ஜெரால்ட்" என்றாள். "சாயங்காலம் ரிலீஸ் இருக்கு, அந்த ஆட்டோ சீட் விஷயம், அதான் கேக்கறேன். டீ வரைக்கும் பாருங்க, இல்லேன்னா நானே அக்செப்ட் குடுத்துடறேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்." உதவி செய்கிறானாம். அவன் விரல் அந்தப் பொத்தானில் பட்டால் பேரும் போய்விடும், தேதியும் போய்விடும், அதற்குப் பிறகு அல்லி என்று ஒருத்தி இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை.

எங்கேயும் என்றால் நிஜமாகவே எங்கேயும்தான். ஒரு ஃபோட்டோ இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, ரேஷன் கார்டில் ஏறவில்லை, ஒரு கம்மலோ கொலுசோ இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில்கூடப் பெண் சிசு என்றுதான் இருந்தது. பேர் இந்த ஒரு வரியில்தான். சோதனை எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பயணிக்கு என்ன பேர் வைக்கலாம் என்று யோசித்து நேரத்தைக் கழிக்க மாட்டார்கள், மனதில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பேரைத் தட்டிவிடுவார்கள். பக்கத்து சீட் வனஜாவின் மாமியார் பல வருடமாகத் தவறான பாஸ்வேர்டு போட்டுப் போட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறாள், பாவம், ஊரில் அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. வேலையை விட்டுப் போன ஒருவனுடைய காதலி இன்னமும் திருச்சிக்கு டிக்கெட் எடுத்து ரத்து செய்துகொண்டிருக்கிறாள், அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணமும் ஆகிவிட்டது. அப்படித்தான் கோமதியும் அன்றைக்கு, வயிற்றில் ஆறு மாதமோ ஏழோ, மேஜையிலிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு கையை எட்டி எட்டித் தட்டினாள். பயணி ஒன்று கோமதி, பயணி இரண்டு சுடலைமணி, சென்னையிலிருந்து சங்கரன்கோவில், மடியில் ஒரு குழந்தை. குழந்தை டிக்கெட் என்கிற வசதி செயலிக்கு அப்போதுதான் வரப்போகிறது, வரும்போது தான் லீவில் இருப்போம், முன்கூட்டியே எழுதி அணைத்து வைத்துவிட்டுப் போனால் மற்றவர்கள் ஓடவிட்டுக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டாள். பிறந்த தேதி கேட்டது. டாக்டர் சொன்ன தேதியைப் போட்டாள். வசதி வருகிற மாதத்தில் அந்தத் தேதி தாண்டியிருக்கும், அவள் பிறந்திருப்பாள். ஆணா பெண்ணா என்று கேட்டது. ஸ்கேன் எடுக்கிற இடத்தில் சொல்ல மாட்டார்கள், சொல்லக்கூடாது என்று சுவரிலேயே போர்டு. பெண் என்று போட்டாள். அது ஒன்றுதான் அவள் போட்டதில் பலித்தது. பேர் கேட்டபோது ஒரு நிமிஷம் கை நின்றது. முதல்நாள் ராத்திரிதான் அவளும் புருஷன் மணியும் ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள், பெண்ணாக இருந்தால் அல்லி. பேசிவிட்டு மணி அவள் வாயைப் பொத்தினான். "எங்கயும் எழுதிக் கிழுதி வச்சிராத கோமு, பொறக்க முந்திப் பேர் எழுதக் கூடாது, தொட்டில் வாங்கக் கூடாதும்பாங்க, ஒண்ணும் செய்யாம சும்மா இரு." அவள் சிரித்தாள். இன்ஜினியரிங் படித்தவள், லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவள், உங்க லிஃப்ட்டுல ராசியில்லாத பதிமூணாம் மாடி இருக்கா இல்லையா என்று கேலி செய்தாள். மறுநாள் ஆபீஸுக்கு வந்து எழுதினாள். வேண்டுமென்று மீறவில்லை, சந்தோஷம் தாங்காமல் எழுதினாள், எங்கேயாவது ஒரு இடத்தில் அந்தப் பேரைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. எழுதினதால்தான் அப்படி ஆயிற்று என்று அவள் நம்பவில்லை. நம்பவில்லை என்று எத்தனை முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள், நம்பாத விஷயத்தை எதற்கு அத்தனை முறை சொல்ல வேண்டும்.

வனஜா எழுந்து போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறாள், தலையில் வெள்ளிக்கிழமைப் பூ, நல்ல நெருக்கமாகக் கட்டிய மல்லிகை. ஏசிக் காற்று அந்த வாசனையைக் கொண்டுவந்து கோமதியின் முகத்தில் போடுகிறது. மூச்சை அடக்கிக்கொள்கிறாள். மல்லிகை அவளுக்குத் தலையில் வைக்கிற பூ இல்லை இப்போது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போன பிறகு ஒருநாள் வயிற்றுக்குள் அசைவு குறைந்த மாதிரி இருந்தது, தூங்குகிறாள் என்று அம்மா சொன்னாள், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தாள், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் கருவியை வயிற்றில் இங்கே அங்கே என்று நகர்த்தினாள், வழவழவென்று ஜில்லென்று ஏதோ தடவியிருந்தது, கருவியில் வெறும் இரைச்சல், கோமதியின் சொந்த இதயம் மட்டும் எங்கிருந்தோ அடித்தது, நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடப் போனாள். யார்மேலும் தப்பில்லை, சில சமயம் இப்படி ஆகும் என்றார்கள். யார்மேலும் தப்பில்லை என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. பெற்றுத்தான் ஆக வேண்டும், பெற்றாள். பார்க்க வேண்டாம், பார்த்தால் மறக்க முடியாது என்று அம்மாவும் அத்தையும் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். பார்க்காததை மறக்க முடிகிறதா என்ன. மணிதான் கையில் வாங்கினான், துண்டில் சுற்றி, இன்னும் இரண்டு ஆண்களோடு ஓடைக்கரைக்குப் போனான், வந்து குளித்தான், ஈரத் தலையோடு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தான். யார் ஜாடை என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. மார்பு இரண்டும் கல்லாகி, ரவிக்கை நனைந்து, தெருவில் யார் வீட்டுப் பிள்ளையோ அழுதால் அது பாட்டுக்கு வடிந்தது, உடம்புக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, அது எதிர்பார்த்ததையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா மல்லிகைப்பூவைக் கூடை கூடையாக வாங்கி வந்து மார்பில் வைத்துத் துணியால் இறுகக் கட்டினாள், பால் வற்றுமாம். வற்றியது. பூவெல்லாம் கறுத்துப் போய், வெந்த கீரை மாதிரி ஆகி, அந்தப் பூவும் பாலும் வேர்வையும் கலந்த நாற்றம் இருக்கிறதே, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அல்லிக்கு இன்றோடு ஐந்து வயது. வனஜா உட்கார்ந்துவிட்டாள், வாசனை கொஞ்சம் அடங்குகிறது.

லீவு முடிந்து திரும்பியபோது ஆபீஸில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள், நாலைந்து நாளைக்கு அவள் மேஜையில் யாரோ பழம் வைத்தார்கள், பிறகு அவரவருக்குத் தலைக்கு மேல் வேலை. திரும்பிய முதல்நாளே சோதனைகளைத் திறந்தாள். பச்சை வரிகளுக்கு நடுவே அல்லி. அவள் இல்லாதபோது குழந்தை டிக்கெட் வசதி வந்திருக்கிறது, யாரோ அந்தச் சோதனையை ஓடவிட்டிருக்கிறார்கள், அம்மா வீட்டில் மார்பில் பூக்கட்டின நாற்றத்தோடு அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அத்தனை நாளில் ஏதோ ஒரு நாளிலிருந்து அல்லி சென்னையிலிருந்து சங்கரன்கோவிலுக்கு மடியில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்திருக்கிறாள். பயணி அல்லி, வயது மூன்று வாரம், கட்டணம் இல்லை, சரி. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழித்துவிடலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள், நாளைக்கு அழிக்கலாம், மறுநாள் அழிக்கலாம் என்று இருந்தாள், அழிக்கவில்லை. அதற்கப்புறம் செயலி மாறிக்கொண்டே இருந்தது. பேர் என்கிற பெட்டி முழுப்பேர் ஆயிற்று, அல்லி நின்றுபோனாள், கோமதி சரி செய்தாள். நாள்காட்டியை மாற்றினார்கள், அல்லிக்குத் தன் பிறந்த தேதியைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை, வருடத்துக்கு முதலில், மாதத்துக்கு அப்புறம் என்று வழி காட்டிவிட்டாள். பணம் கட்டுகிற பக்கம் மெதுவாக வர ஆரம்பித்தது, அல்லி அவசரப்பட்டு இல்லாத பொத்தானை அழுத்தினாள், கொஞ்சம் பொறு, பக்கம் வரட்டும் என்று சொல்லித் தந்தாள். எத்தனை சோதனை உடைந்தாலும் முதலில் இதைத்தான் எடுப்பாள். பொத்தானை அதன் நிறத்தை வைத்துத் தேடாதே, இடத்தை வைத்துத் தேடாதே, அதற்கென்று ஒரு அடையாளம் வைக்கச் சொல் என்பதெல்லாம் இந்த ஒரு சோதனை உடைந்து உடைந்து அவள் கற்றுக்கொண்டதுதான், அதைத்தான் பிறகு மற்றவர்களுக்குப் பாடமாக எடுத்தாள், கெட்டிக்காரி என்று பேர் வாங்கினாள். வெட்கமாகக்கூட இருக்கிறது, மற்ற பெண்கள் பிள்ளையை வளர்க்கிற வருடங்களில் தான் இப்படி ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தோம் என்று ஒத்துக்கொள்ள. மணிக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வான், எழுதாதே என்றேனே என்பானா, அல்லது ஒன்றும் சொல்லாமல் அந்தத் தலையைக் குனிந்துகொள்வானா, அது இன்னும் மோசம்.

இப்போது என்ன செய்வது. சாம்பல் பெட்டி 'ஏற்கவா?' என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதற்கு அலுப்பே கிடையாது. ஏற்றால் குழந்தை 1 என்று ஒன்று, தினமும் மூன்று வயது, நாளைக்கும் மூன்று, பத்து வருடம் கழித்தும் மூன்று, என்றைக்கும் உடையாது. உடையாமல் இருக்கத்தானே இத்தனை பாடமும். பேரை மட்டும் அல்லி என்று விட்டுவைத்துத் தேதியை மாற்றினால்? அல்லி என்றென்றும் மூன்று வயதில் மடியிலேயே இருப்பாள், பல் விழாது, பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு வளராத பிள்ளை அவளுக்கு ஏற்கனவே இருக்கிறது, இன்னொன்றையும் தன் கையாலேயே எழுத வேண்டுமா. சோதனையையே நிறுத்திவைக்கலாம், 'இப்போதைக்கு வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், ஆனால் அப்படி நிறுத்தியதை யாரும் திரும்ப எழுப்பியதாகச் சரித்திரம் இல்லை. அல்லது எதிர்பார்ப்பை மாற்றிவிடலாம், இலவசம் என்று இருந்ததை அரை டிக்கெட் என்று. செயலி என்ன தருகிறதோ அதையே எதிர்பார்த்தேன் என்று எழுதிவிட்டால் எந்தச் சோதனையும் பச்சையாகிவிடும், அதைச் செய்கிறவர்களைக் கோமதி வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள், பரீட்சைப் பேப்பரை நீயே திருத்திக்கறியா என்று. ஆனால் இது அப்படி இல்லையே. ஐந்து முடிந்த குழந்தைக்கு அரை டிக்கெட் என்பதுதானே நியாயம், மாறியது அல்லி, செயலி இல்லை. இலவசத்தைச் சோதிக்க வேறு ஒரு குழந்தை வரட்டும், அதற்குப் பேர் குழந்தை 1 என்றே இருக்கட்டும், தேதியை இன்றிலிருந்து கழித்துக்கொள்ளட்டும். அல்லி அரை டிக்கெட்டுக்குப் போகட்டும், அவளுடைய பேரோடு, அவளுடைய தேதியோடு. அரை டிக்கெட்டுக்கு இதுவரை ஒழுங்கான சோதனையே கிடையாது, யாரும் எழுதவில்லை, இது தேவையான வேலைதான், தான் ஒன்றும் கள்ளத்தனம் செய்யவில்லை. பன்னிரண்டு முடியும்போது மறுபடி உடையும். உடைந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு யோசித்த பிறகு கை தானாக ஓடியது, எழுதி முடித்து ஓடவிட்டாள். திரையில் ஒரு ஜன்னல் தானே திறந்தது. யாரும் தொடாமலே எழுத்துகள் விழுந்தன, கோமதி, சுடலைமணி, பிறகு ஒரு இடைவெளி விட்டு அ, ல், லி. அந்த மூன்று எழுத்து விழுகிற வேகம் அவளுக்கு மனப்பாடம், இருந்தாலும் பார்த்தாள். போன் அதிர்ந்தது, மணி.

பகலில் அவன் கூப்பிடுகிறவன் இல்லை. காலையில் அவள் எழும்புமுன்பே வேலைக்குப் போய்விட்டான், டாக்டர் சொன்ன இந்தத் தேதியில் ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் போவான், அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. "கோமு, சாப்ட்டியா?" என்றான். பின்னால் ஏதோ இரும்பை இழுக்கிற சத்தம். "சாப்ட்டேன்." "பொய் சொல்லுத." "பாதி சாப்ட்டேன். நீங்க?" "இனிமேத்தான். இங்க லிஃப்ட்டு ஒண்ணு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டு, அதுக்குத்தான் வந்தேன். சும்மா கூப்ட்டேன்." சும்மா கூப்பிட்டவன் போனை வைக்கவில்லை. கோமதிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, சொன்னால் இத்தனை வருடம் கட்டிக்காத்தது என்ன ஆகுமோ என்று பயமாகவும் இருந்தது, பயந்துகொண்டே வாய் பேசிவிட்டது. "ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது." "சொல்லு." "அன்னைக்கு எங்கயும் எழுதி வைக்காதன்னு சொன்னீங்கள்லா. நான் எழுதிட்டேன். இங்க ஆபீஸ்ல. பேரையும் தேதியையும்." இரும்புச் சத்தம் நின்றது, யாரையோ கையமர்த்தியிருப்பான். "எப்ப?" "அப்பமே. வளைகாப்புக்கு முந்தியே." உன்னாலதான் என்று சொல்லப்போகிறான், சொல்லிவிட்டால்கூட நல்லது, யார்மேலாவது தப்பு என்று ஆகிவிடும். அவன் அதைச் சொல்லவில்லை. "இப்பமும் அங்க இருக்காளா?" என்று கேட்டான். "இருக்கா. இன்னையோட அஞ்சு முடிஞ்சிட்டு. அரை டிக்கெட்டு ஆயிட்டு. மடியில உக்கார முடியாது, இனிமே தனி சீட்டு." "எந்த ஊருக்கு?" "நம்ம ஊருக்குத்தான். நம்ம மூணு பேரும் போறோம்." "தனி சீட்டுன்னா" என்று இழுத்தான், மூக்கை உறிஞ்சினான், பிறகு ரொம்பச் சாதாரணமாக, நிஜமாகவே பஸ் ஏறப் போகிறவன் கேட்கிற மாதிரி, "பக்கத்துல யாரு இருக்கா?" என்றான்.

கோமதி திரையைப் பார்த்தாள். சோதனை ஓடி முடித்துப் பச்சையாகி நின்றது, அரை டிக்கெட் ஒன்று, இருக்கை ஒன்று, கேட்டது கேட்டபடி. எந்த இருக்கை என்று அவள் சோதனையில் கேட்கவே இல்லை. டிக்கெட்டைத் திறந்தாள். இன்று சாயங்காலம் வரப்போகிற புது வசதி, ஜெரால்ட் சொன்ன ஆட்டோ சீட், இருக்கையைப் பயணி தேர்ந்தெடுக்க வேண்டாம், செயலியே பார்த்து ஒதுக்கும். ஒதுக்கியிருந்தது. கோமதி ஏழு. சுடலைமணி எட்டு. அல்லி இருபத்தொன்று. மூன்று நாலு வரிசை தள்ளிப் பின்னால், இருபத்திரண்டில் ஏற்கனவே டிக்கெட் எடுத்திருந்த யாரோ ஒரு ஆண். திரும்ப ஓடவிட்டாள். அல்லி பதினேழு, பக்கத்தில் வேறு யாரோ. பெரியவர்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைக்கத் தெரிந்திருக்கிறது, அரை டிக்கெட்டை எங்கே காலியோ அங்கே போட்டுவிடுகிறது. ராத்திரி பஸ். விளக்கை அணைத்துவிடுவார்கள். ஐந்து வயது. "பக்கத்துல நாம இல்ல" என்றாள். "பின்னால எங்கயோ போட்டிருக்கு. பக்கத்துல யாரோ." மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது, அவன் இருமுகிறான் என்று முதலில் நினைத்தாள். "அங்கயும் தனியாத்தான் விட்டுருக்கமா" என்றான் மணி. "அன்னைக்குக் கொண்டுபோய் வச்சிட்டு, திரும்பிப் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க கோமு. நானும் பாக்காமத்தான் வந்தேன். ஒரு மட்டம் திரும்பிப் பாத்திருக்கலாம். அஞ்சு வருசமா அதான் ஓடிட்டு இருக்கு." இதை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நாலு பேர் நடமாடுகிற ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போதே கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்க முந்தானை இல்லை, சுடிதார் துப்பட்டாவை எடுத்துக்கொண்டாள். "அழாதீங்க" என்றாள். "நீ அழுத." "சரி, நானும் அழல." யார் ஜாடை என்று கேட்க வாய் வந்தது. இன்றைக்குக் கேட்கலாம், வீட்டுக்குப் போய் எதிரெதிரே உட்கார்ந்து கேட்கலாம், இன்றைக்கு அவன் சொல்லிவிடுவான். "அத உன்னால சரி பண்ண முடியுமா?" என்றான். "முடியும். என் வேலையே அதான்." "அப்பச் சரி. பண்ணு" என்றான், போனை வைத்தான்.

மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்து எழுதினாள். இந்தச் சோதனை இனிமேல் இருக்கை எண்ணையும் கேட்க வேண்டும், குழந்தையின் பக்கத்தில் அதே டிக்கெட்டில் வந்த பெரியவர் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். எழுதி ஓடவிட்டதும் சிவப்பாயிற்று. நியாயமான சிவப்பு, ஐந்து வருடத்தில் அல்லி கண்டுபிடித்துத் தந்த முதல் கோளாறு. கோளாறுகளைப் பதிகிற இடத்தில் 'தனி இருக்கை பெறும் குழந்தை அந்நியர் அருகில் தனியாக அமர்த்தப்படுகிறது' என்று எழுதி, எவ்வளவு அவசரம் என்ற கேள்விக்கு இருப்பதிலேயே மேலே இருப்பதைப் போட்டாள். டீ வந்துவிட்டது. டீயோடு ஜெரால்டும் வந்தான், ஒரு கையில் கோப்பை, நல்ல செய்தி எதிர்பார்க்கிற முகம். "என்ன கோமதி, அக்செப்ட் குடுத்துடலாமா?" "குடுக்கக் கூடாது. ரிலீஸும் இன்னைக்குப் போகக் கூடாது. குழந்தை தனியா இருக்கு, பாருங்க." குனிந்து பார்த்தான். இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னான், ஓடவிட்டாள், இந்த முறை முப்பத்துமூன்று, கடைசி வரிசைக்கு முந்தினது. ஜெரால்ட் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். "ஐயோ, இது போயிருந்தா அவ்வளவுதான். நான் பாட்டுக்கு அக்செப்ட் குடுத்திருப்பேன், பச்சையா இருந்திருக்கும், யாருக்குமே தெரிஞ்சிருக்காது" என்றான். நிமிர்ந்து யாருக்கோ போன் செய்து, இன்றைக்கு வேண்டாம், திங்கட்கிழமை பேசலாம் என்று நிறுத்திவைக்கச் சொன்னான். பேசிக்கொண்டே திரையை மறுபடி பார்த்தான், போனை வைத்ததும் பேரில் விரல் வைத்தான். "அல்லி. நல்லா இருக்கே. யாரு, சொந்தக்காரக் குழந்தையா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். நேற்றுக் கேட்டிருந்தால் சும்மா டேட்டா என்று சொல்லியிருப்பாள். "எம் பொண்ணு" என்றாள்.

"உங்க பொண்ணா? சொன்னதே இல்லையே!" ஜெரால்டின் முகம் மலர்ந்துவிட்டது, இத்தனை நாள் பழகியும் கேட்காமல் விட்டோமே என்கிற குறையும் அதில் தெரிந்தது. தேதியைப் பார்த்தான். "அட, இன்னைக்குத்தான் பர்த்டேவா? அஞ்சு முடியுதா? இத வெச்சுக்கிட்டு ஏன் இங்க உக்காந்திருக்கீங்க, கெளம்புங்க கெளம்புங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன். ஜெரால்ட் அங்கிள் விஷ் பண்ணாங்கன்னு சொல்லுங்க."

வனஜா மட்டும் பக்கத்து சீட்டில் தலையைத் தூக்காமல் இருந்தாள், அவள் பழைய ஆள், அவளுக்குத் தெரியும். கோமதி சோதனையைச் சேமித்தாள். டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

"சொல்றேன் ஜெரால்ட்" என்றாள்.